சித்தப்பாவின் வானிலை அறிக்கை

உங்கள் கைபேசியில் இப்போது என்ன படம் போட்டிருக்கிறது? என்னுடையதில் சூரியன். மஞ்சளாக, பளிச்சென்று, பக்கத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லாமல். வெளியே தஞ்சாவூர் நனைந்துகொண்டிருக்கிறது. கொடியில் காயப்போட்ட புடவையை ஓடிப்போய் எடுப்பதற்குள் நானும் நனைந்துவிட்டேன். தலையைத் துவட்டிக்கொண்டே இதை எழுதுகிறேன்.

போன வாரம் இதற்கு நேர்மாறு. சிங்கப்பூரில் இருக்கும் மகன் காலையிலேயே கூப்பிட்டான். "அம்மா, அங்க ரெட் அலர்ட்டாம். வெளிய எங்கயும் போகாதீங்க. மெழுகுவத்தி இருக்கா?" என்றான். நான் வாசலில் நின்று வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தேன். "இங்க வெயில் மண்டையப் பொளக்குதுடா" என்றேன். அவன் நம்பவில்லை. பெற்ற தாயைவிட அவனுக்குப் போன்மேல் நம்பிக்கை. பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் பொழுது சாயும்வரை கிரிக்கெட் ஆடின.

நம் வயதுக்காரர்கள் இதற்கெல்லாம் கோபப்படுவதைப் பார்க்கிறேன். காலை நடைக்கு என்னோடு வரும் தோழி, "இவ்வளவு பெரிய போன வாங்கி என்ன பிரயோசனம், வாயத் தொறந்தா பொய்" என்று அங்கலாய்க்கிறாள். எனக்குக் கோபம் வருவதில்லை. வானிலை அறிக்கை பொய்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். சிரித்து முடிப்பதற்குள் ஒரு பழைய மழை ஞாபகத்துக்கு வந்துவிடும். அதற்குக் காரணம் என் சித்தப்பா. அவரைப் பற்றி இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லலாம். நீங்களும் செத்த பேட்டரிக் கட்டையை வெயிலில் காயவைத்துப் பார்த்தவர்கள்தானே.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குப் பக்கம். அப்பா கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்துகொண்டிருந்தார். சித்தப்பா அவருடைய ஒரே தம்பி. மன்னார்குடிக் கல்லூரிக்குப் போய்ப் படித்தார், பரீட்சையில் தேறவில்லை, மறுபடியும் எழுதினார், மறுபடியும் தேறவில்லை, வீட்டுக்கு வந்துவிட்டார். அப்போது எனக்குப் பத்து வயதுக்குள் இருக்கும். சித்தப்பா எனக்குப் பூவரச இலையில் பீப்பி செய்து கொடுப்பார், சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு போவார். அவர் வீட்டில் இருப்பது எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. மற்றவர்களுக்கு அப்படி இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அவர் வயலில் இறங்கக்கூடாது என்று அப்பா சட்டம் போட்டிருந்தார். "காலேஜ் வாசல மிதிச்சவன் சேத்துல எறங்குனா ஊரு என்னத்தான் சிரிக்கும்" என்பார். அதே அப்பாதான், சித்தப்பா கூடத்தில் படுத்திருப்பதைப் பார்த்தால் செருப்பைச் சத்தமாக உதறிப் போடுவார். வேலை செய்யவும் விடமாட்டார், சும்மா இருந்தாலும் பொறுக்கமாட்டார். சித்தப்பா என்ன செய்வார் பாவம். அப்பா சாப்பிட்டு எழுந்தபிறகுதான் சமையலறைப் பக்கம் வருவார். சாயங்காலம் அப்பாவுக்குக் கூடத்தில் காபி வரும். சித்தப்பாவுக்கு அம்மா அடுப்படியில் வைத்துக் கொடுப்பார், அவர் நின்றபடியே குடித்துவிட்டுப் போய்விடுவார்.

இந்த நிலைமையை மாற்றியது ஒரு ரேடியோ. அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா, சிங்கப்பூரிலிருந்து விடுமுறையில் வந்தபோது தங்கைக்கென்று கொண்டுவந்தது. செங்கல் நிறத் தோல் உறை, முன்பக்கம் பொடிப்பொடி ஓட்டைகள், தோளில் மாட்ட ஒரு வார், இழுத்தால் நீளும் வெள்ளிக் கம்பி. அந்தத் தோலின் வாசனை எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. அம்மாவுக்கு வந்த சாமான் என்றுதான் பெயர். வந்த அன்றே அது அப்பாவின் தலைமாட்டுக்குப் போய்விட்டது. ஆனால் அப்பா குமிழைத் திருகினால் கரகரவென்று சத்தம்தான் வரும். சித்தப்பா இரண்டு விரலால் மெல்லத் தடவுவார், மனிதக் குரல் வரும். அப்பா மூன்று நாள் முயன்று பார்த்துவிட்டு, "இந்தாடா, நீயே வச்சுக் கேட்டுச் சொல்லு. செய்தியும் மழை சேதியும் மட்டும்தான். பாட்டுகீட்டு வச்சா கட்டை தீந்துடும்" என்று ஒப்படைத்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு வானிலை அதிகாரி சித்தப்பாதான். செய்தி முடிந்ததும் வானிலை சொல்வார்கள். சித்தப்பா அதைக் கவனமாகக் கேட்டு, அதே குரலில், அதே நிறுத்தலோடு திருப்பிச் சொல்வார். "கடலோர மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்." அப்பா ஒருமுறை கனைத்துக்கொள்வார். பிறகு அடுப்படியைப் பார்த்து, "தம்பிக்கும் ஒரு டம்ளர் காபி குடு" என்பார். அண்ணனும் தம்பியும் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து காபி குடித்ததை நான் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அறுவடைக் காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை. புரட்டாசி கடைசியில் குறுவை நெல் விளைந்து நிற்கும், வடக்கே மழையும் கூடவே கறுத்துக்கொண்டு நிற்கும். அறுத்த கதிரைக் கைப்பிடி கைப்பிடியாக, அரி அரியாக வயலிலேயே போட்டு ஒரு நாளாவது வெயிலில் காயவிட்டுத்தான் கட்டுக் கட்டிக் களத்துக்குக் கொண்டுவருவார்கள். அரி கிடக்கும்போது மழை பிடித்துக்கொண்டால் நெல் அங்கேயே முளைத்துவிடும். சரி, பொறுத்திருந்து அறுக்கலாம் என்றால், அடுத்த போகத்துக்கான தாளடி நாற்று நடவுக்கு ஆகாமல் முற்றிக்கொண்டிருக்கும். ஆட்களுக்கோ முதல் நாள் சாயங்காலமே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் வேறு வயலுக்குப் போய்விடுவார்கள். ஆகவே தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில், அறுப்பதா வேண்டாமா என்று ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் எல்லோரும் சித்தப்பாவின் வாயைப் பார்ப்பார்கள்.

எதிர்வீட்டு மாமாவும் வந்துவிடுவார். அப்பாவும் சித்தப்பாவும் அவரை மாமா என்று கூப்பிட்டதால் நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். வானிலை அறிக்கையோடு அவருக்கு ஒரு தீராத வழக்கு இருந்தது.

"ஓரிரு இடம்னா எந்த இடம்டா? நம்ம ஊரு அதுல உண்டா இல்லையா, அதச் சொல்லு."

"அதெல்லாம் சொல்ல மாட்டாங்க மாமா."

"பெய்யக்கூடும்னா? பெய்யுமா பெய்யாதா?"

"பெய்யலாம், பெய்யாமலும் போகலாம்."

"இதச் சொல்றதுக்கு எதுக்குடா கரண்டு, கம்பம், ஆபீஸு? நானே சொல்லுவேனே!"

ஆனாலும் மறுநாள் தவறாமல் வந்துவிடுவார்.

அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் ஒரு புயல் எச்சரிக்கை வந்தது. நாகப்பட்டினத்துக்கு அருகே கரையைக் கடக்கும் என்று ரேடியோ அழுத்தம்திருத்தமாகச் சொன்னது. ஊரே அமளிப்பட்டது. கூரைகளுக்கு மேல் கயிறு போட்டு இழுத்துக் கட்டினார்கள். வைக்கோல் போரின் மேல் பனை மட்டைகளை அடுக்கினார்கள். அம்மா இரண்டு நாளைக்குத் தாங்குகிற மாதிரி ஒரு பெரிய பாத்திரத்தில் புளிச்சோறு கிளறினார். பள்ளிக்கூடம் இல்லை. மறுநாள் காலை நான் கண்விழித்தபோது கூரையின் ஓட்டை வழியாக வெயில் காசு காசாகத் தரையில் விழுந்திருந்தது. புயல் ஆந்திராவுக்குப் போய்விட்டதாம். நாங்கள் அன்றைக்கும் அதற்கு மறுநாளும் புளிச்சோறு தின்றோம். எதிர்வீட்டு மாமா தெருவில் நின்று, "வழி கேட்டுக்கிட்டுப் போயிருக்கும், நம்ம ஊருக்கு யாரும் சொல்லல" என்று சத்தமாகச் சிரித்தார். சித்தப்பா மட்டும் தானே புயலைத் தவறவிட்டவர்போல இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை. அந்த அறிக்கை பொய்த்தால் தன் டம்ளர் காபி போய்விடும் என்று அவர் பயந்திருப்பார் என்பது இப்போது புரிகிறது.

மத்தியானங்களில் அப்பா வயலுக்குப் போனபிறகு வீட்டில் இன்னொரு காரியம் நடந்தது. இலங்கையிலிருந்து அந்த நேரத்தில் சினிமாப் பாட்டு வரும். சித்தப்பா ரேடியோவை அடுப்படி மேடையில் வைத்து, காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சத்தத்தைக் குறைத்து வைப்பார். அம்மா முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்குவார். பாட்டு மாறுகிற இடத்தில் அம்மாவின் கை நின்றுவிடும். அடுத்த பாட்டு அவருக்குப் பிடித்ததா பிடிக்காததா என்பதை அவர் முகத்தைப் பார்த்தே நான் சொல்லிவிடுவேன். அம்மா சிரித்த முகமாக இருந்த மத்தியானங்கள் அந்தக் கொஞ்ச நாள்தான். பாட்டு முடிந்ததும், "போதும் தம்பி, கட்டை தீந்துடப் போவுது" என்பார். மறுநாள், "ஒரே ஒரு பாட்டு மட்டும்" என்று தொடங்குவார்கள்.

கட்டை தீர்ந்துவிட்டது. அப்பாவிடம் போய்ப் புதுக் கட்டை வேண்டும் என்று கேட்க இரண்டு பேருக்கும் தைரியம் இல்லை. எனக்கும் அப்பாவுக்கும் அது நடந்ததே தெரியாது. சாயங்காலமானால் சித்தப்பா, "உள்ள சரியா எடுக்க மாட்டேங்குது, வெளிய வச்சாதான் கேக்குது" என்று சொல்லிவிட்டு ரேடியோவோடு கொல்லைப்பக்கம் போய்விடுவார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, அதே குரலில் அறிக்கை வாசிப்பார்.

ஒரு நாள் சாயங்காலம் தூறல் போட்டது. "கெணத்தடியில மொளகா காயுது, எடுத்துட்டு வா" என்று அம்மா என்னை விரட்டினார். ஓடினேன். முறத்தில் மிளகாய். மிளகாய்க்கு நடுவே, நான்கு பேட்டரிக் கட்டைகள் வரிசையாகப் படுத்திருந்தன. முறத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பினால், வைக்கோல் போருக்குப் பக்கத்தில் சித்தப்பா ரேடியோவைக் காதோடு அழுத்திக்கொண்டு நிற்கிறார். புருவத்தைச் சுருக்கித் தலையை வேறு ஆட்டுகிறார். நான் ரேடியோவைப் பார்த்தேன். அவர் முறத்தைப் பார்த்தார். ரேடியோவுக்குள் இருக்க வேண்டியது என் கையில் இருந்தது.

"நனையாம உள்ள கொண்டுபோய் வை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். காதிலிருந்து ரேடியோவை எடுக்கவில்லை.

நான் நேராக அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா ஆச்சரியப்படவில்லை. முறத்தை வாங்கிக் கட்டைகளைப் பொறுக்கி முந்தானையில் துடைத்து, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தார். "அப்பாகிட்ட வாயத் தொறக்காத" என்றார்.

"சித்தப்பா பொய் சொல்றாரும்மா."

"ரேடியோ மட்டும் என்ன நெசமா சொல்லுது? அந்தப் புயல் வந்துச்சா?"

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இந்த வீட்டுல அவருக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான். வெயில் நல்லா அடிச்சா கட்டை மறுபடி ஏறிக்கும். அதுவரைக்கும் கம்முனு இரு."

வெயில் நன்றாக அடிக்கவில்லை. தினமும் மூடாக்கு, பொசபொசவென்று தூறல். வெயில் அடித்தால்தான் கட்டை ஏறும், கட்டை ஏறினால்தான் வெயில் அடிக்குமா என்று கேட்க முடியும். இந்த வேடிக்கையை அன்றைக்கு நான் ரசிக்கவில்லை. பயந்துபோய் இருந்தேன்.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. ரேடியோ ஊமையானபிறகு அறிக்கை பலிக்கத் தொடங்கிவிட்டது! அந்தப் பருவத்தில் சாயங்காலம் வானத்தைப் பார்த்து, 'மேகமூட்டம், லேசான தூறல்' என்று சொன்னால் பெரும்பாலும் சரியாகத்தானே இருக்கும். சித்தப்பா அதைத்தான் சொன்னார். "கடலோர மாவட்டங்களில்" என்ற பீடிகையை மட்டும் விடவில்லை. எதிர்வீட்டு மாமா தொடையைத் தட்டிக்கொண்டார். "இப்பதான்டா ரேடியோக்காரன் தொழில் கத்துக்கிட்டிருக்கான்!" என்றார். அப்பாவுக்கும் பெருமை. வாய்க்கால் கரையில் யாரோ மழையைப் பற்றிக் கேட்டால், "சாயங்காலம் வாங்க, தம்பிகிட்ட கேட்டுடலாம்" என்று சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டது.

பிறகு ஒரு நாள் மழை வெறித்தது. காலையிலிருந்து நீலமான வானம், நல்ல காற்று. எங்கள் வயலில் கதிர் முற்றித் தலைசாய்ந்து கிடந்தது. நாற்றங்காலில் தாளடி நாற்று மஞ்சள் பிடிக்கத் தொடங்கியிருந்தது. அப்பா அன்று நாலைந்து தடவை வயலுக்கும் வீட்டுக்கும் நடந்தார். சாயங்காலம் கால் கழுவிவிட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தவர் காபி டம்ளரைத் தொடவில்லை.

"என்னடா சொல்றான்?"

சித்தப்பா கொல்லையிலிருந்து ரேடியோவோடு அப்போதுதான் உள்ளே வந்தார். இதுவரை தூறலா மூட்டமா என்று சொன்னதில் யாருக்கும் நஷ்டமில்லை. இன்றைக்குச் சொல்வதில் ஒரு போக விளைச்சலே இருக்கிறது. அது அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்படி வாசற்படியில் நின்றபடி தரையைப் பார்த்தார். நான் இரண்டு பேரையும் பார்த்தேன்.

சித்தப்பா கடைசியாக அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அதில் ஒரே ஒரு ஆசைதான் எழுதியிருந்தது.

"மழை இல்லண்ணே. வறண்ட வானிலைன்னு சொல்றான்."

அப்பா ஒரே மடக்கில் காபியைக் குடித்துவிட்டு எழுந்தார். ஆட்களுக்குச் சொல்லப் போனார். போகிற வழியில் எதிர்வீட்டு வாசலில் நின்று, "மாமா, மழை இல்லையாம். நான் நாளைக்கு அறுக்கறேன். நீங்களும் ஆள் விட்டுடுங்க" என்று சொன்னது எங்கள் கூடத்துக்குக் கேட்டது. சித்தப்பா அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

இத்தனை வருஷம் கழித்து யோசிக்கும்போது, எங்கள் வீட்டுப் பெரியவர்கள் மூவரும் கெட்டிக்காரர்களாகவும் நல்லவர்களாகவும் இருந்து அந்தத் தவறைச் செய்தார்கள் என்று தோன்றுகிறது. சித்தப்பா அண்ணனின் முகம் வாடக்கூடாது என்று பார்த்தார். அம்மா சித்தப்பா தலைகுனியக்கூடாது என்று பார்த்தார். அப்பாவோ, தனக்கே தெரிந்த வானத்தைத் தம்பி வாயால் கேட்க ஆசைப்பட்டார். யாரும் மழையைப் பார்க்கவில்லை.

மறுநாள் நல்ல வெயில். எங்கள் வயலும் எதிர்வீட்டு வயலில் பாதியும் அறுத்தாயிற்று. அரி அரியாகப் பொன்னிறத்தில் கிடந்தது. அப்பா வாய்விட்டுப் பாடிக்கொண்டே குளித்தார். அதற்கு மறுநாள் விடியும்போது கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

நான் எழுந்தபோது அப்பா கொல்லை வாசலில் நின்றிருந்தார். தாழ்வாரத்திலிருந்து தண்ணீர் திரையாக விழுந்தது. "படுபாவி ரேடியோக்காரன்" என்று முணுமுணுத்தார். அம்மா அவருக்குப் பின்னால் போய் நின்றார்.

"ரேடியோ ஒண்ணும் சொல்லலீங்க" என்றார். "அது பேசியே ரொம்ப நாளாச்சு. கட்டை செத்துப்போச்சு. உங்ககிட்ட சொல்லப் பயந்துக்கிட்டுத் தம்பி தானா சொல்லிக்கிட்டு இருந்துச்சு. எனக்குத் தெரியும். சொல்லாதது என் தப்பு."

அப்பா திரும்பவில்லை. அவர் கழுத்து நரம்பு புடைத்தது எனக்குத் தெரிந்தது. அவருடைய கோபம் ஊர் அறிந்தது. இன்றைக்குச் சித்தப்பாவை வீட்டைவிட்டே துரத்திவிடுவார் என்று நினைத்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா ஒரு சாக்கை எடுத்துக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனார்.

சித்தப்பா அவருக்கு முன்பே வயலுக்குப் போயிருந்தார். நாங்கள் போனபோது முழங்கால் தண்ணீரில் இறங்கி, மிதக்கும் அரிகளை இரண்டு கையாலும் அள்ளி வரப்பில் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அள்ளவும் தெரியவில்லை, பாதி நழுவித் தண்ணீரிலேயே விழுந்தது. அப்பா அவரைப் பார்த்தார், பார்க்காததுபோல் அடுத்த வயலில் இறங்கி அள்ளத் தொடங்கினார். அம்மாவும் நானும் ஆட்களும் இறங்கினோம். ஈர வைக்கோலின் வாசனையும் சேற்று வாசனையும் கலந்து அடித்தது. கை விரலெல்லாம் சுருங்கிப்போனது.

எதிர்வீட்டு மாமா வரப்பில் ஓட்டமும் நடையுமாக வந்தார். குடை இல்லை, மீசையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"எங்கடா உன் தம்பி? அவன் பேச்சக் கேட்டுத்தானே என் வயல்ல அருவா வச்சேன்! பரீச்சையிலதான் கோட்டை விட்டான்னா என் பொழப்பிலயுமா விடணும்? நாலு பேருக்கு முன்னாடி அவன நிக்க வச்சுக் கேக்கறேன்!"

சித்தப்பா கையில் ஒரு அரியோடு நிமிர்ந்து நின்றார். ஆட்கள் எல்லோரும் வேலையை நிறுத்தினார்கள். சித்தப்பா வாயைத் திறப்பதற்குள் அப்பா வரப்பேறி மாமாவுக்கு எதிரே போய் நின்றார்.

"அவன ஏன் திட்டறீங்க? அவன் மழை வரும்னுதான் சொன்னான்."

"என்னது?"

"நான்தான் கேக்கல மாமா. நாத்து முத்திப்போவுதேன்னு அவசரம். நான் மட்டும் அறுத்தா ஆளு கம்மியாத்தான் வரும், ரெண்டு வயலுன்னா கூட்டமா வருவாங்கன்னு உங்ககிட்ட மாத்திச் சொல்லிட்டேன். தப்பு என்மேலதான். தம்பி சொன்னது சரியாத்தான் இருந்துச்சு."

அம்மா என் தோளைப் பிடித்தார். பிடி வலித்தது. அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஒரு கொட்டைப்பாக்கு வாங்கினால்கூடக் கணக்குப் பிசகாதவர் என்று ஊரில் பெயர். அந்தப் பெயரை மழையில் நனைந்துகொண்டே இறக்கி வைத்துவிட்டார். மாமா அப்பாவைப் பேசாத பேச்செல்லாம் பேசினார். ஆட்களுக்கு முன்னால், பெண்டாட்டி பிள்ளைக்கு முன்னால் பேசினார். அப்பா கொங்காணிக்குள் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். கடைசியில் மாமா காறித் துப்பிவிட்டுப் போனார்.

மேலும் இரண்டு நாள் விடாமல் பெய்தது. வரப்பில் போட்ட நெல்லில் வெள்ளை வெள்ளையாக முளை நீட்டியது. முடிந்ததை அள்ளி வந்து கூடத்தில் பரப்பினோம், அடுப்புச் சூட்டில் வாணலியில் போட்டு வறட்டினோம். வீடு முழுக்கப் புளித்த வாடை. அந்த அரிசியை வடித்தால் சோறு குழையும், லேசாக இனிக்கும். அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டிலும் எதிர்வீட்டிலும் புதுத்துணி இல்லை. அந்த இனிப்புச் சோற்றைத்தான் மாதக்கணக்கில் சாப்பிட்டோம்.

மழை பெய்த அந்த நாட்களில் அப்பா சித்தப்பாவிடம் பேசவில்லை. திட்டியிருந்தால் சித்தப்பாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். திட்டவும் இல்லை. எதிர்வீட்டு மாமா தெருவில் அப்பாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மற்றவர்களும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஆள் கிடைக்க வேண்டும் என்பதற்காக அடுத்தவன் விளைச்சலைக் கெடுத்தவன் என்று பேச்சு பரவிவிட்டது. அதே வாய்கள் சித்தப்பாவைப் புகழ்ந்தன. அவன் சொன்னபடி கேட்டிருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்றார்கள். கடைத்தெருவில் ஒருவர் சித்தப்பாவின் முதுகைத் தட்டிக்கொடுத்தாராம். சித்தப்பா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

மழை விட்ட அன்று சாயங்காலம் எதிர்வீட்டு மாமா எங்கள் வீட்டுப் படியேறினார். அப்பா கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேரே சித்தப்பாவிடம் போனார்.

"தம்பி, எனக்கு இன்னும் பாதி வயலு நிக்குது. உங்கண்ணன் பேச்சு இனிமே வேண்டாம். நீ சொல்லு, நாளைக்கு வானம் எப்படி? நீ சொன்னா நான் ஆள் விடறேன்."

அப்பா தலை நிமிரவில்லை. சோற்றைப் பிசைந்த கை மட்டும் நின்றது. சித்தப்பா ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம். ஊரே நம்பத் தயாராக இருந்தது. அவர் ஆசைப்பட்ட மரியாதை முழுவதும் வாசற்படி தாண்டித் தானாக வந்து நின்றிருந்தது.

"எங்கண்ணன் ஒண்ணும் மாத்திச் சொல்லல மாமா" என்றார் சித்தப்பா. அது ரேடியோக் குரல் இல்லை, அவருடைய சொந்தக் குரல். "நான்தான் மழை இல்லன்னு சொன்னேன். நான் சொன்னதத்தான் அவரு நம்பி உங்ககிட்ட வந்து சொன்னாரு. ரேடியோ பேசல. கட்டை செத்துப்போச்சு. இத்தன நாளா நான் சொன்னதெல்லாம் நானா சொன்னதுதான்."

மாமா சித்தப்பாவைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். "அண்ணனும் தம்பியும் என்ன கூத்து கட்டறீங்களா?" என்றார்.

அடுப்படியிலிருந்து அம்மா வெளியே வந்தார். "பாட்டு கேட்டு அந்தக் கட்டையத் தீத்தது நானும்தாங்க" என்றார்.

மாமா தூணில் சாய்ந்து மெல்லக் கீழே உட்கார்ந்தார். "இந்த வீட்டுல ரேடியோவத் தவிர எல்லாரும் பேசறீங்கடா" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவர் அப்பாவின் பக்கம் திரும்பினார். "ஏன்டா மாப்ள, அன்னிக்கு அவ்வளவு பேசுனேனே. ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

அப்பா தட்டைப் பார்த்தபடியே இருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு அப்போது என் அப்பாவையும் சித்தப்பாவையும் ஒரே நேரத்தில் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. யாரை முதலில் என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே நின்றேன்.

"அது கெடக்கட்டும்" என்றார் மாமா. "நாளைக்கு நான் என்னதான் பண்றது? அறுக்கறதா, வேண்டாமா?"

சித்தப்பா சொன்னார். "தெரியல மாமா. நெசமாவே தெரியல. அறுக்கறதா இருந்தா சொல்லுங்க, நானும் அருவாளோட வர்றேன்."

சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா எழுந்து போய்க் கை கழுவினார். வெகுநேரம் கழுவினார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "வெரல் பத்திரம்டா. பழக்கமில்லாத கை" என்றார்.

மறுநாள் மழை பெய்ததா, மாமாவின் நெல் களம் வந்து சேர்ந்ததா என்று கேட்காதீர்கள். எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை. அப்பா முன்னால் போனார், சித்தப்பா பின்னால் போனார், வரப்பு சறுக்கிய இடத்தில் அப்பா திரும்பாமலேயே கையைப் பின்னால் நீட்டினார், சித்தப்பா அதைப் பிடித்துக்கொண்டார். அது மட்டும் நினைவிருக்கிறது.